பதினெட்டு அடி

சவரிமுத்துவின் நெஞ்சில் தொங்கிய விஷவாயு மீட்டர் குழிக்குள்ளிருந்து அலறியது.

மேலே மேற்பார்வைக்கு நின்ற அவள் எட்டிப் பார்த்தாள். பதினெட்டு அடி கீழே அவன் ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

பிறகு நிற்கவில்லை.

ஊரின் சாக்கடை முழுவதும் வந்து விழும் கிணறு அது. அங்கிருந்துதான் பம்ப் அதைச் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டும். பம்பின் வாயில் பழஞ்சேலை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் காற்று ஊதி, மீட்டரில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் அவனை இறங்கச் சொன்னாள். சேலையை இழுத்ததில் அடிச்சேறு கலங்கி வாயு கிளம்பியிருக்க வேண்டும்.

காலையெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இப்போது எந்த நாற்றமும் இல்லை.

அதுதான் ஆபத்து. அந்த வாயு கூடினால் முதலில் சாவது மூக்கு.

"அண்ணே!"

மேலே கயிற்று உருளையருகே நின்ற தம்பி ஆரோக்கியம் கைப்பிடியை வெறி பிடித்தவன்போல் சுற்றினான். கயிறு இரண்டடி ஏறி நின்றது. கயிறு கட்டியிருந்த சவரிமுத்துவின் பெல்ட் ஏணிப்படியில் மாட்டிக்கொண்டது.

ஆரோக்கியம் கைப்பிடியை விட்டுவிட்டுக் குழிக்கு ஓடிவந்தான்.

அவள் குறுக்கே பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"விடுக்கா! எங்கண்ணன் சாவுறான்!"

"எறங்குனா ரெண்டு பொணம்டா. கயித்தத் தளத்தி இழு. போ!"

அவள் முன்கையைக் கடித்தான். அவள் பிடியை விடவில்லை.

இந்த மாதிரி விபத்துகளில் மூன்று பேர் பலி என்று செய்தி வரும். வேலைக்கு இறங்கியவன் ஒருவன்தான். மற்ற இருவரும் அவனைத் தூக்க இறங்கியவர்கள்.

ஆரோக்கியம் அழுதுகொண்டே உருளைக்குத் திரும்பினான்.

தளர்த்தினான். இழுத்தான். மாட்டியது.

தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். அவள் காற்றுக்குழாயை இன்னும் ஆழமாக இறக்கினாள். கீழே சவரிமுத்துவின் தலை மெல்லச் சாய்ந்தது.

தளர்த்தினான். இழுத்தான்.

மீட்டர் அலறிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் முறை கயிறு விடுபட்டது.

மேலே வந்தவனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. சிமென்ட் தரையில் கிடத்தி, அவன் நெஞ்சை அவள் அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

இருமினான்.

மூன்றாம் நாள் ஆரோக்கியம் அவளைத் தேடி வந்தான். அண்ணன் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னான். அவள் முன்கையிலிருந்த கட்டுத்துணியைப் பார்த்துத் தலைகுனிந்தான்.

"எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சு. நீங்க நின்ன எடத்த விட்டு அசையவே இல்லக்கா."



உருளையைச் சுற்றும்போது அவன் முதுகு அவள் பக்கம் இருந்தது. குழிக்குள் ஏணியின் மூன்றாம் படி வரை அவளே இறங்கித் திரும்பி ஏறியதை அவன் பார்த்திருக்கவில்லை.