வயது நாற்பத்தைந்து

“இங்க யாருக்கு நாப்பத்தஞ்சு வயசு?”

உப்பள வரப்பில் நின்றபடி அவள் கேட்டாள். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கையில் ஒரே ஒரு தாள். இரண்டு வருடமாக இவர்களிடம் அவள் எடுத்த ரத்தத்தின் கடைசி முடிவு. வெயிலில் கிடந்து உப்பு வாருகிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. வீடு வீடாகப் போய் ஊசி குத்துவது அவள் வேலை.

மார்ச்சோடு பணத்தை நிறுத்திவிட்டார்கள். மேலே யாரோ ‘தொடர வேண்டாம்’ என்று எழுதிவிட்டாராம். காரணம் எழுதவில்லை. ஊசி, குழாய், விவரம் பதியும் டேப்லெட் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

ஏப்ரலில் இந்தத் தாள் வந்தது.

எண் 214. ஆண். வயது 45. இதே உப்பளம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது.

ஒன்பது என்றால் ஆள் எழுந்து நடமாடுவதே பெரிது. இன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் என்றால் சொல்வதற்கில்லை.

பெயர் தாளில் இருக்காது. ரத்தம் கொடுத்தவர் யாரென்று சோதிக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. எந்த எண் யாருடையது என்பது ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தது. கடைசி நாளில் அவளேதான் அதை உறையிலிட்டு, அரக்கு வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எவ்வளவு ஒழுங்கு என்று பாராட்டினார்கள்.

நேற்று முழுக்கப் போன் பண்ணினாள். உறையைப் பிரிக்கச் சொல்லி, ஆய்வை நடத்திய பேராசிரியர் உடனே கடிதம் கொடுத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

“முடிஞ்ச ப்ராஜெக்ட் மேடம். கமிட்டி கூடித்தான் பிரிக்கணும். ஜூன்ல கூடுவாங்க,” என்றார் அலுவலகத்து எழுத்தர். கெட்டவர் இல்லை. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்டார்.

அதனால்தான் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். ஓர் உப்பளத்தில் நாற்பத்தைந்து வயது ஆண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

“வயசெல்லாம் நீங்கதான போட்டீங்க டீச்சர்?” என்றார் உப்பு வாரிக்கொண்டிருந்த பலவேசம். படித்த பெண் யார் வந்தாலும் அவர்களுக்கு டீச்சர்தான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறந்த வருடம் இவர்களில் பலருக்குத் தெரியாது. ‘நீங்களே பாத்துப் போட்டுக்கிடுங்க’ என்பார்கள். வயதைப் போடாமல் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வெயில் ஏறுவதற்குள் முப்பது பேரை முடித்தாக வேண்டும். தலை கறுப்பாக இருந்தால் முப்பத்தைந்து போட்டாள். வெளுத்திருந்தால் ஐம்பத்தைந்து. இரண்டும் கலந்திருந்தால் நாற்பத்தைந்து.

பாத்திகளைப் பார்த்தாள்.

முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் கலந்துதான் இருந்தது.

பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கால்களைப் பார்த்தாள். நீர் கோத்திருந்தால் தெரியும் என்று ஒரு நப்பாசை. நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறும் கால்கள். எல்லாமே வீங்கினாற்போல்தான் இருந்தன.

“உங்கள்ல ஒருத்தருக்கு கிட்னி ரொம்ப மோசமா இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியல. ஆம்பளைங்க எல்லாரும் இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

சிரிப்பு நின்றது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை.

“லாரி வந்து நிக்கு டீச்சர்,” என்றார் பலவேசம். “இன்னைக்கு லோடு ஏத்தலன்னா நாளைக்கு வேற ஆள வச்சிருவாவ.”

ஒருவர் குனிந்தார். அடுத்தவர் குனிந்தார். அந்த ஒருத்தன் தானில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைக்காமல் எப்படி வேலை பார்ப்பது? உப்பு வாரும் பலகைகள் மறுபடி உரச ஆரம்பித்தன.

அவள் வரப்பிலேயே நின்றாள். கையைப் பிடித்து இழுக்கலாம். யார் கையை?

உப்புச் சுமந்துகொண்டிருந்த இசக்கியம்மாள், பலவேசத்தின் மனைவி, கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்போடு நடந்து வந்தாள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை. அதன் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். ஒட்டியிருந்த உப்பை முந்தானையால் துடைத்தாள்.

“அவுகளுக்கு நேரமில்லம்மா,” என்றாள். “அவுகளுக்குப் பதிலா எங்கிட்ட எடுத்துக்கிடுங்க.”

கையை நீட்டினாள். சொல்லாமலே விரல்களை இறுக மடக்கிக்கொண்டாள். நரம்பு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது இரண்டு வருடத்தில் பழகியிருந்தது.

அவளுக்குப் பின்னால், இன்னும் நான்கு பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள்.