தேக்கிலையில் ஒரு பயோடேட்டா

மாந்தோப்பு வைத்திருந்த யானை காவலுக்கு ஆள் தேடியது. செவலை நாய் ஒரு தேக்கிலையில் பயோடேட்டா எழுதி, தன் தோழி அணிலிடம் காட்டியது.

“ஓநாய் வம்சம், புலியை விரட்டிய அனுபவம்” என்று படித்த அணில் நிமிர்ந்து பார்த்தது. “நீ புலியைப் பார்த்திருக்கிறாயாடா?”

“தூரத்தில்கூட இல்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வேலைக்குப் போனதில்லை. என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. இதுவும் கிடைக்காவிட்டால் மறுபடி குப்பைத்தொட்டிதான்.”

அணில் அந்த வரியை மட்டும் கொறித்துத் தின்றுவிட்டது. “சரி, ராத்திரியில் என்ன செய்வாய்?”

“சும்மா படுத்திருப்பேன். காலடிச் சத்தம் கேட்டால், தெரிந்தவரா புதியவரா என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். அது எல்லா நாய்க்கும் தெரியுமே!”

“யானைக்குத் தெரியாதே! அதை எழுது.”

மறுநாள் யானை ஓட்டை விழுந்த அந்த இலையைப் படித்தது. “கண்ணைத் திறக்காமலேயா!” என்று வியந்தது. “சரி, குறை ஏதும் உண்டா?”

செவலை உண்மையைச் சொன்னது: “வெடிச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்துகொள்வேன், ஐயா.”

மாமரத்தில் இருந்த அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

யானை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னது: “பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் போதும். இன்றைக்கே சேர்ந்துவிடு.”