முதல் புகார்

"கடிச்சானா? எங்க ஒய்பெக்கா? அக்கா, வேற யாராவதா இருக்கும். நல்லாப் பாருங்க."

"ஆறே குழந்தைங்க இருக்கிற வீட்டுல எனக்கு ஆள் மாறிப்போகுமா? உன் பையன்தான். கிளம்பி வா."

தொலைபேசியில், பகலில் குழந்தைகளைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்ளும் மவ்லுதாவின் குரலில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்குவதுபோல இருந்தது. நிகோராவுக்கு அதுதான் விளங்கவில்லை. பட்டுத் தறியை அப்படியே நிறுத்திவிட்டு, மார்கிலான் நகரின் கடைத்தெரு வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

நான்கு மாதமாக ஒய்பெக்கைப் பற்றி ஒரு குறை வந்ததில்லை. மூன்றரை வயது. கொடுத்ததைச் சாப்பிடுவான். படு என்றால் படுப்பான். காலையில் மவ்லுதா வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "போயிட்டு வரேன்" என்று அவள் சொன்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவான்.

"அது பையனா, பொம்மையா? எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்" என்று தறிப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் கணவன் பஹ்ரோம் மட்டும் முதலிலேயே சொல்லியிருந்தான். "ஆறு மாசம் பார்ப்போம். புகார்னு ஒண்ணு வந்துச்சுன்னா, இதெல்லாம் போதும்னு முடிச்சுக்கலாம்." அவளும் சரி என்றிருந்தாள். இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அதற்குள் வந்துவிட்டது.

மவ்லுதா வீட்டு முற்றத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே, சுமுராத் தன் மகன் ஜசூரின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாரு, ஆறு பல்லு! என் பையன் கை என்ன சுடச்சுட ரொட்டியா?"

"மன்னிச்சிடுங்க அக்கா..."

"இப்ப வலிக்கல" என்றான் ஜசூர்.

"நீ சும்மா இரு. உனக்கு வலிக்குது!"

விரிப்பு முழுக்கச் சூப் சிந்தியிருந்தது. மவ்லுதா உடைந்த கிண்ணத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் அவன்தானா?"

"அவனேதான். உள்ள முகம் கழுவிக்கிட்டிருக்கான். நீ உட்காரு."

"கிண்ணம் நான் வாங்கிக் குடுத்துடறேன். அவனை மட்டும் வரவேணாம்னு சொல்லிடாதீங்க. இனிமே இப்படிச் செய்ய மாட்டான், நான் கண்டிச்சு வைக்கிறேன்."

"ஐயோ தாயே, கண்டிச்சுக் கிண்டிச்சு வைக்காதே! நாலு மாசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு? கடிக்கிறதுக்கா?"

மவ்லுதா அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"இங்க வர்ற குழந்தை முதல் வாரம் அழும். கேட்டைப் பிடிச்சுத் தொங்கும். இந்த ஜசூர் என் பாவாடையில மூக்கைச் சிந்தியே ஒரு மாசம் ஓட்டினான்."

சுமுராத் வேறு பக்கம் பார்த்தாள்.

"உன் பையன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. முட்டி கிழிஞ்சு ரத்தம் வந்தப்பகூட. நீங்க எல்லாம் அதைச் சமத்துன்னீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. சரி, இன்னைக்குக் காலைல நீ என்ன செஞ்சே?"

நிகோரா யோசித்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொல்லாமலே நழுவிவிட்டாள். எப்படியும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லையே.

"இன்னைக்குத் திரும்பிப் பார்த்தான். நீ இல்ல. மத்தியானம் வரைக்கும் கேட்டை விட்டு நகரல. கையில சூப்பைக் குடுத்தேன். ஜசூர் சும்மா இருக்காம, 'உங்கம்மா இனிமே வரமாட்டாங்க'ன்னு சீண்டினான். கிண்ணம் பறந்துச்சு, கடி விழுந்துச்சு."

"நீங்க அடிச்சீங்களா?"

"பக்கத்துல உட்கார்ந்தேன். கோபமா இருக்கியான்னு கேட்டேன். ஆமான்னான். கத்துடான்னேன். தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான்."

நிகோராவின் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மவ்லுதா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனால் இதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

உள்ளேயிருந்து ஒய்பெக் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றான். பிறகு ஓடி வந்து இரண்டு கைகளாலும் அவள் மடியில் குத்தினான்.

"ஏன் சொல்லாமப் போனே? ஏன் போனே, அம்மா?"

"பார்த்தியா, பெத்தவளையே அடிக்கிறான்!" என்றாள் சுமுராத்.

நிகோரா அந்தக் கைகளைத் தடுக்கவில்லை. பஹ்ரோமிடம் இன்றைக்கே பேசிவிட வேண்டும், இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

சரிப்படாவிட்டால் ஆறு மாதத்தில் திருப்பி ஒப்படைத்துவிடலாம் என்ற பேச்சோடு குழந்தைகள் இல்லத்திலிருந்து கூட்டி வந்த பிள்ளை, அவளை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.