மருமகள் கை தூக்கினாள்

"இன்னும் பத்தே நிமிஷம் வாயைத் திறக்காம இரும்மா. அது போதும்" என்றார் மாமனார், கூட்ட அறைக்குள் நுழையும்போதே.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எப்படிப் பாவும்? பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகள் எல்லாவற்றுக்கும், எந்தக் கம்பெனி செய்தாலும், இனி ஒரே மாதிரி சார்ஜிங் பிளக். அந்தத் தரநிலையை வகுக்கும் குழுவில் இன்று ஓட்டெடுப்பு. நாற்காலி எவ்வளவு குலுங்கினாலும் பிளக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு, மருமகள் வடிவமைத்தது. காப்புரிமை மாமனாரின் பன்னிரண்டு பேர் கம்பெனியிடம். இந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

"ஓட்டு விழுந்துட்டா அப்புறம் பூட்டை மாத்த முடியாது. நாற்காலி செய்யற அத்தனை பேரும் நம்ம வாசல்லதான் வந்து நிக்கணும். நாம சொல்றதுதான் விலை."

"இப்பவே சொல்லிடலாமே மாமா. எல்லாருக்கும் ஒரே நியாயமான கட்டணம்னு எழுதிக் குடுத்தா..."

"சொன்னா வேற பூட்டுக்குப் போயிடுவாங்க. உன் மூணு வருஷ உழைப்பும் அம்போதான். என் பையன் உன்னைக் கட்டிக்கிட்டதே நீ புத்திசாலின்னுதான். அந்தப் புத்தியைக் கொஞ்சம் இங்கயும் காட்டு."

எல்லோரும் உட்கார்ந்ததும் குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் படிக்கும் அதே தாளைப் படித்தார்.

"இந்த வரைவில் உங்கள் காப்புரிமை ஏதாவது இருந்தால் இப்போதே தெரிவிக்கவும்."

இதோடு பன்னிரண்டாவது கூட்டம். ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. பிஸ்கட் தட்டு சுற்றி வருவதே அந்த நேரத்தில்தான். மாமனாரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மருமகள் கை தூக்கினாள்.

மாமனாருக்குப் புரையேறிவிட்டது.

"பூட்டு எங்களுது. அதையே வெச்சுக்கிட்டீங்கன்னா, யார் கேட்டாலும் ஒரே கட்டணத்துக்குத் தர்றோம். நியாயமான கட்டணம். எழுதிக் கையெழுத்தும் போடறோம்."

"குடியைக் கெடுத்தியே" என்று மாமனார் பல்லைக் கடித்தார். "பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் செய்வாளா?"

"பெத்த பொண்ணா இருந்தா வாசல்லயே சண்டை போட்டிருப்பா மாமா."

அறை சலசலத்தது. தலைவி தாளைக் கீழே வைத்தார். "இதே பூட்டு இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க."

பதினான்கு பேரில் எட்டுக் கை வேண்டும். மாமனார் விரல் விட்டு எண்ணினார். நான்கு. ஐந்து. ஆறு என்று எண்ணும்போது ஒரு கை இறங்குவதுபோல் இருந்தது, தலையைச் சொறியத்தான். ஏழு. எட்டு. அப்புறம் மளமளவென்று பதிமூன்று.

"முன்னாடியே சொல்லிட்டாங்க, எல்லாருக்கும் ஒரே கட்டணம்ங்கறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் ஒரு நாற்காலிக் கம்பெனிக்காரர்.

மாமனார் மருமகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்."

"ஒருத்தர் சொல்லியாச்சு" என்றார் தலைவி. "அதனால மத்தவங்களும் காப்புரிமை இருக்கு, இல்லைன்னு ஒவ்வொருத்தரா சொல்லிடுங்க. பதிவு பண்ணிக்கறேன்."

சும்மா இருப்பது வேறு. இல்லை என்று பதிவில் பொய் சொல்வது வேறு. "இல்லை", "இல்லை" என்று வரிசையாக வந்த பதில், கை தூக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பதினான்காவது ஆளிடம் வந்து நின்றது. இருப்பதிலேயே பெரிய கம்பெனியின் ஆள். டையைத் தளர்த்தினார். தண்ணீர் குடித்தார்.

"எங்களுக்கு... மூணு இருக்கு. பிளக்கைச் சொருகற சாக்கெட்ல. அது இல்லாம பிளக் வேலை செய்யாது." கூட்டம் மொத்தமும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். "நாங்களும் அதே மாதிரி எழுதிக் குடுத்துடறோம்."

மாமனாருக்கு ரத்தம் கொதித்தது. மருமகளின் காதருகே குனிந்தார்.

"பாத்தியாம்மா அநியாயத்தை? ஓட்டு விழட்டும், அப்புறம் நம்ம எல்லார் கழுத்தையும் நெரிக்கலாம்னு கமுக்கமா உட்கார்ந்திருந்திருக்கான். மனுஷனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"