ஹாப்வுட்டின் ஓட்டு

“லூசியஸ் பென்னாக் தோல்வி!” சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். இந்த முறையும் ஒரே ஓட்டு வித்தியாசம்.

அந்தக் காலத்தில் வாஷிங்டனுக்குப் போகிற செனட்டரை மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றாவது தடவையாக அவர்கள் பென்னாக்கைக் கைவிட்டிருந்தார்கள். மூன்று தடவையும் காலை வாரியவன் சொந்தக் கட்சிக்காரன், ஓஹையோ ஆற்றங்கரைத் தொகுதிக்காரன் ஜெரெட் ஹாப்வுட்.

அந்த ஹாப்வுட்டே இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பென்னாக்கின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான்.

“அடுத்த வருஷமும் இதே சபைக்கு வருவீங்கல்ல, ஐயா?” முகமெல்லாம் சிரிப்பு.

பென்னாக் கையை உதறினார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறானே, பாவி!

உள்நாட்டுப் போருக்கு முன்பே அரசியலுக்கு வந்தவர் அவர். குதிரையிலும் படகிலும் ஊர் ஊராக அலைந்ததில் தலை நரைத்துவிட்டது. அவரிடம் பேச்சுக் கற்றுக்கொண்ட வக்கீல்கள் எல்லாம் வாஷிங்டனில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மட்டும் இந்தப் புகையிலை எச்சில் நாறும் மண்டபத்திலேயே கிடக்கிறார்.

தாங்க முடியவில்லை. வாசற்படியில் ஹாப்வுட்டை மடக்கினார்.

“எதிர்க்கட்சிக்காரன் உனக்கு என்னய்யா தர்றேன்னான்? போஸ்ட்மாஸ்டர் வேலையா?”

“சத்தியமா ஒண்ணுமில்லீங்க.” ஹாப்வுட்டின் சிரிப்பு அணைந்துபோனது.

“அப்ப நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? வெள்ளத்துல உங்க ஊரே மிதந்தப்ப, இடுப்பளவு தண்ணியில வந்து நின்னவன் நான். கரை கட்டற சட்டத்துக்கு இந்தச் சபையில ஒத்தையாளா மல்லுக்கட்டினவன் நான். அதுக்கா இப்படிப் பண்றே?”

“ஆமாங்க. அதுக்காகத்தான்.”

“என்னது?”

ஹாப்வுட் தொப்பியைக் கழற்றினான். அவரை நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

“இதுக்கு முன்னாடி ரெண்டு பேரை அனுப்பி வச்சோமுங்க. ரெண்டு பேருமே தங்கமான மனுஷங்க. வாஷிங்டன் போனதுக்கப்புறம் ஒருத்தரும் எங்க பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.”

“அதுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்?”

“நீங்களும் போயிட்டா, எங்களுக்கு யாருங்கய்யா இருக்கா?”