கைப்பிடி

குளியலறைக்கு இறங்கும் இரண்டு படிகளின் ஓரமாகச் சுவரில் கைப்பிடி பொருத்துவதற்கு, மகள் பிளம்பரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

"இந்தச் சுவர் ஆணி தாங்காதுப்பா," என்றார் பெரியவர்.

பிளம்பர் தட்டிப் பார்த்தார். "யானையையே கட்டலாம் சார்."

"கம்பி துருப்பிடிக்குமே?"

"எவர்சில்வர். நாமல்லாம் போனப்புறமும் இருக்கும்."

"கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேணும்ப்பா," என்றாள் மகள். "அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யார் பாக்கறது? ஏம்மா, நீயாவது சொல்லேன்!"

அம்மா பேப்பரைப் புரட்டினாள்.

அரை மணியில் கைப்பிடி பளபளவென்று சுவரில் ஏறியது. மகளும் கிளம்பிப் போனாள்.

பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஒரு குடையைத் தொலைத்துவிட்டு, தொலைத்தது மனைவிதான் என்று சாதித்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் தினமும் காலையில் அந்தப் படியருகே வந்து, எங்கோ பார்த்தபடி கையை மட்டும் நீட்டுவாள். அவர் பிடித்து இறக்கிவிடுவார். இரண்டே படி. அதற்காகவே அவர் முன்னதாக எழுந்து சவரம் செய்துகொள்வார்.

மறுநாளும் பழக்கதோஷத்தில் போய் நின்றார். அவள் வந்தாள். வலக்கையால் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அவர் மெல்ல நகர்ந்தார்.

பின்னாலிருந்து குரல் கேட்டதும், மகள்தான் திரும்பி வந்துவிட்டாளோ என்று நினைத்தார்.

"எங்க போறீங்க? எனக்கு ரெண்டு கை இருக்குல்ல?"