கழுத்தில் ஓர் அட்டை

தையல் ஆலையில் ஒரு வரிசைக்கு ஒரே ஒரு மர அட்டைதான். அதைக் கழுத்தில் மாட்டியிருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். அதனால் அங்கே பெண்கள் நாளெல்லாம் ஓரிரு மடக்குக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஜெனிட்டாவும் அந்தப் பழக்கத்துக்கு வந்தாள். சிறுநீரில் ரத்தம் கண்டது, காய்ச்சலும் வந்தது.

"தண்ணியக் குடி, இல்லன்னா வேலைய விடு" என்றார் டாக்டர். வேலை போனால் அஞ்சல் வழியில் படிக்கும் பி.காம். நின்றுவிடும், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

காய்ச்சல் தணிந்து திரும்பிய காலையில், அவள் மிஷினில் உட்காரும் முன்பே பக்கத்து மிஷின் பூரணி அக்கா அட்டையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள்.

"என்னக்கா, மால போட்டு வழியனுப்புறீங்களா?"

"வாய மூடிக்கிட்டுத் தண்ணியக் குடிடி."

"வாய மூடிக்கிட்டு எப்படிக்கா குடிக்கிறது?"

வரிசையே சிரித்தது. ஜெனிட்டா குடித்தாள். பயமில்லாமல் குடித்த தண்ணீர் இனித்தது. கழிப்பறைக்குப் போய்வரும்போதெல்லாம் அட்டையைக் கழற்றி நீட்டினாள், யாரும் வாங்கவில்லை.

மாலை மணி அடித்தபோதுதான் கவனித்தாள். மற்றவர்களின் பாட்டில்கள் காலையில் கொண்டுவந்தபடியே நிறைந்திருந்தன. அவள் பூரணி அக்காவின் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.